பையன் கோபியில், நான் திருப்பூரில்: குழந்தை வழக்குக்கு எப்படிப்பட்ட வக்கீலைப் பார்ப்பது?

நொய்யல்கரை (ஞாயிறு, இரவு 10.50)

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். கல்யாணமாகிப் பத்து வருடம். பையனுக்கு 8 வயது, பாப்பாவுக்கு 4. நானும் கணவரும் பிரிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. காரணத்தை இங்கே எழுதப் போவதில்லை. அடிதடி, குடி எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

முழுப் பரீட்சை லீவுக்குப் பையன் கோபிச்செட்டிபாளையம் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் போனான். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் கூட்டிவரப் போனால், "இங்கேயே சேர்த்துவிட்டோம்" என்றார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்கியது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது ஈரோட்டு வக்கீல் ஒருவரிடமிருந்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து மனுப்போட்டுப் பிரிந்துகொள்ளலாம். பையன் அவரிடம், பாப்பா என்னிடம் என்று அதில் இருக்கிறது.

போன மாதம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசியபோதும் இதையேதான் சொன்னார்கள். எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் தோட்டத்தைப் பாகம் பிரித்தபோது, கிணற்றுத் தண்ணீர் உனக்கு மூன்று நாள் எனக்கு மூன்று நாள், வண்டித்தடம் பொது என்று எழுதினார்களாம். பேசியவர்களின் குரல் அப்படித்தான் இருந்தது. ஆளுக்கொன்று, கணக்குத் தீர்ந்தது. வீட்டில் பாப்பா இன்னமும் ராத்திரியானால் "இது அண்ணன் பாய்" என்று ஒரு பாயைத் தனியாக விரித்து வைக்கிறாள்.

இரண்டு வக்கீல்களைப் பார்த்துவிட்டேன். ஒருவர், "ஒரே மாதத்தில் பையன் உங்கள் மடியில் இருப்பான், எழுதியே தருகிறேன்" என்றார். மொத்தம் 1,50,000 ரூபாய், பாதி முன்பணம். பையன் பேர் என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. இன்னொருவர், "முதலில் மகளிர் காவல் நிலையத்தில் வரதட்சணைப் புகார் கொடுங்கள், தானாக இறங்கி வருவார்கள்" என்றார்.

திருப்பூர் வக்கீலை வைப்பதா, ஈரோடு கோபி பக்கம் வைப்பதா? நல்லவர் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? குழந்தைகள் என்றால் சட்டப்படி அம்மாவுக்குத்தானே?

மஞ்சள்மண்டி (ஞாயிறு, இரவு 11.15)

இரண்டாவது வக்கீல் சொன்னதுதான் சரி. கம்ப்ளெயிண்ட் கொடுத்தால் மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் ஸ்டேஷனில் நிற்பார்கள். அது பிடிக்கவில்லை என்றால் இரண்டு கார் எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பையனை ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள். பெற்ற தாய் கூட்டிப் போனால் எவன் கேட்பான்?

நொய்யல்கரை (ஞாயிறு, இரவு 11.30)

அண்ணா, வாங்காத வரதட்சணையை வாங்கினார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? நாளைக்குப் பையன் பெரியவனாகி அந்தக் காகிதத்தைப் படிப்பான்.

கீழ்பவானி (திங்கள், காலை 6.10)

நான் பெருந்துறைப் பக்கம். உங்கள் கணவர் இருக்கிற இடத்தில் இரண்டு வருடத்துக்கு முன்னால் நின்றவன். அதனால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள்.

என் மகளை என்னிடமே வைத்துக்கொண்டு மனைவியிடம் அனுப்பாமல் இருந்தேன். நானாக அப்படிச் செய்யவில்லை. என் முதல் வக்கீல் சொன்னது: "பிள்ளை உங்கள் கையில் இருந்தால்தான் பேரத்துக்குப் பலம்." எனக்கும் அப்போது இருந்த கோபத்துக்கு அது தேனாக இனித்தது. ஒன்பது மாதம். போன் வந்தால் எடுக்க மாட்டோம். பிறந்தநாளுக்கு அவள் கொண்டுவந்த கேக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பினோம். கோர்ட்டில் அந்தக் கேக் வந்து நின்றது. தேதி, மணி, கடை ரசீது எல்லாவற்றோடும்.

நீதிபதி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குழந்தை ராத்திரி எழுந்து அம்மா எங்கே என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?" பதில் வரவில்லை. வக்கீல் ஏதோ சட்டப் பிரிவு சொன்னார். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்தில், இரண்டு மணி நேரம் மகளைப் பார்க்கிறேன். அந்த வக்கீல் இப்போது எனக்கு வக்கீல் இல்லை.

ஆகவே மஞ்சள்மண்டி அண்ணன் சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். பள்ளி வாசலில் இழுத்துக்கொண்டு வந்தால் இன்றைக்கு அவர்கள் பக்கம் இருக்கிற தப்பு நாளைக்கு உங்கள் பக்கம் வந்துவிடும். உங்கள் கணவருடைய வக்கீல் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருப்பார்.

மஞ்சள்மண்டி (திங்கள், காலை 7.45)

சரிங்க, காரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பழைய பெஞ்சு (திங்கள், மதியம் 2.20)

அம்மணி, நான் முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் குமாஸ்தா வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடைசிச் சில வருடம் குடும்ப வழக்குகள் நடக்கும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வக்கீலை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் விஷயம், ஜெயித்துத் தருகிறேன் என்று எழுதித் தருகிறவர் எந்த வழக்கிலும் ஆகாது. குழந்தை வழக்கில் அறவே ஆகாது. நிலத் தகராறு என்றால் பத்திரத்தைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடலாம். இங்கே பத்திரம் ஒரு எட்டு வயதுப் பையன். நீதிபதி அவனைத் தன் அறைக்குள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். அவன் என்ன சொல்வான் என்று எந்த வக்கீலுக்கும் தெரியாது. சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்த பிள்ளைகள் பள்ளி விழாவில் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும். நடுவில் நீதிபதி "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டால் திகைத்துப் போய்க் கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, குடும்ப நல நீதிமன்றம் மற்ற கோர்ட் போல இல்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி, வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமை கிடையாது, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான். அனுமதி பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் ஆலோசகர் முன்னாலும் சமரச மையத்திலும் நீங்கள்தான் வாயைத் திறந்து பேச வேண்டும். அதனால் உரக்க வாதாடுகிறவரைவிட, நீங்கள் என்ன பேச வேண்டும் என்று முந்தின நாள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தயார் செய்கிறவர்தான் உங்களுக்கு வேண்டும். வாய்தா அன்றைக்குக் காலை பத்தேகாலுக்குப் படிக்கட்டில் வழக்குக் கட்டைப் பிரித்து, "உங்கள் வீட்டுக்காரர் பேர் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்கிற ஆட்களும் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு உங்கள் மாவட்டத்துக் குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் காலை பத்தரை முதல் ஒரு மணி வரை சும்மா உட்காருங்கள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். டவாலி பெயர் கூப்பிடும்போது எந்த வக்கீல் தானே வருகிறார், யார் ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்குகிறார், எதிர்க்கட்சி வக்கீலிடம் யார் மரியாதையாகப் பேசுகிறார், அழுகிற பிள்ளையைப் பார்த்து யார் தன் கட்சிக்காரரிடம் "கொஞ்ச நேரம் அவங்க அப்பாகிட்ட விடுங்க" என்று சொல்கிறார். பார்த்தாலே தெரியும். விசாரணை அறைக்குள் உங்களை விட மாட்டார்கள், வராந்தாவே போதும்.

பிரபலமான பெயர் வேண்டும் என்று அலையாதீர்கள். சீனியர் பெயரில் வக்காலத்து, ஆனால் கடைசிவரை ஜூனியர்தான் வருவார் என்றால், அந்த ஜூனியரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கோவை ஜூனியர் (திங்கள், இரவு 9.05)

பழைய பெஞ்சு ஐயா சொன்ன அந்த ஜூனியர்களில் நானும் ஒருத்தி. கோவையில் தொழில் செய்கிறேன். என்னிடம் வாருங்கள் என்று சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. பார் கவுன்சில் விதிகளில் 36ஆவது விதி, வழக்கறிஞர் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதைத் தடுக்கிறது. இணையத்தில் "தலைசிறந்த பத்து விவாகரத்து வக்கீல்கள்" என்று வரும் பட்டியல்களை அதனால்தான் நம்ப வேண்டாம் என்கிறேன். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே இந்த மாதிரித் தளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லியிருக்கிறது.

அக்கா, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன்.

"அம்மாவுக்குத்தானே?" அப்படிச் சட்டம் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆவது பிரிவு, ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. பாப்பாவுக்கு அது பொருந்தும். பையனுக்குப் பொருந்தாது. அதே பிரிவு இயற்கைப் பாதுகாவலர் முதலில் தந்தை, அவருக்குப் பின் தாய் என்றும் சொல்கிறது; அந்தப் "பின்" என்பதற்கு அவர் செத்த பின் என்று பொருள் இல்லை என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே 13ஆவது பிரிவு இருக்கிறது: குழந்தையின் நலன்தான் தலையாயது. அதனால் "பையன் அப்பாவுக்கு, பெண் அம்மாவுக்கு" என்ற பெரியவர்களின் கணக்கும் சட்டத்தில் கிடையாது. கூடப் பிறந்தவர்களைப் பிரிக்க நீதிமன்றங்கள் தயங்கும். நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் வெறும் உடைமைகள் அல்ல, பெற்றோருக்கு விளையாட்டுப் பொருள்களும் அல்ல என்று 1973லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாயை விரித்து வைக்கிற உங்கள் பாப்பாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வரிதான் நினைவுக்கு வந்தது.

"எந்த ஊர்?" இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். குழந்தைக்காக மட்டும் தனியாக 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தில் மனுப் போட்டால், குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். பையன் ஏப்ரல் வரை திருப்பூரில் இருந்தவன். லீவுக்குப் போனவனை அங்கேயே நிறுத்திக்கொண்டதால் கோபி அவன் வழக்கமான இடம் ஆகிவிடாது என்று வாதாடலாம். ஆனால் நாள் ஆக ஆக அந்த வாதம் தேய்ந்துகொண்டே போகும். விவாகரத்து மனுவையே போடுவதாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் 2003இல் செய்த திருத்தப்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். அந்த மனுவுக்குள்ளேயே 26ஆவது பிரிவில் குழந்தைக்கான இடைக்கால மனுவும் போடலாம். குழந்தை எந்த ஊரில் இருந்தாலும் சரி. எனவே திருப்பூர் வக்கீல் போதும். நீங்கள் பார்க்கிற வக்கீலிடம் இந்த இரண்டு வழியையும் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் விளக்கி, உங்களுக்கு எது ஏன் நல்லது என்று சொல்கிறவர் விவரம் தெரிந்தவர்.

(நீங்கள் இந்துத் திருமணச் சட்டத்தில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவாளர் முன் நடந்த திருமணம் என்றால் அந்தச் சட்டம். வழி கொஞ்சம் மாறும்.)

"நல்லவர் என்று எப்படி?" என் சீனியர் புதுக் கட்சிக்காரரிடம் முதல் அரை மணி நேரம் கணவனைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ கேட்கவே மாட்டார். பையன் காலையில் எத்தனை மணிக்கு எழுவான், யார் குளிப்பாட்டுவது, காய்ச்சல் வந்தால் எந்த டாக்டர், எந்தப் பாடம் வராது, இருட்டென்றால் பயமா. ஆரம்பத்தில் எனக்கே இது என்ன வீண் பேச்சு என்றிருக்கும். பிறகுதான் புரிந்தது. இதற்குப் பதில் சொல்ல முடிகிறவர்தான் இத்தனை நாள் வளர்த்தவர். பிரமாணப் பத்திரத்தில் அது வந்தால் எதிர்த்தரப்பு என்ன எழுதினாலும் எடுபடாது. மாறாக, கணவரைப் பற்றி மட்டுமே கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுக்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர் போடப் போவது விவாகரத்து வழக்கு, உங்களுக்கு வேண்டியது அது மட்டும் இல்லை.

நொய்யல்கரை (திங்கள், இரவு 10.40)

தங்கச்சி, உன் பதிவை மூன்று முறை படித்தேன். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு நோட்டு எடுத்து எழுத ஆரம்பித்தேன். எழுதும்போதுதான் பார்த்தேன், அவன் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு வீட்டுப்பாட டைரி இரண்டும் என்னிடமே இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பெற்றோர் கையெழுத்து என்ற கட்டத்தில் என் கையெழுத்து. இரண்டு வருடத்தில் ஆறு நாள் மட்டும் அவர் போட்டிருக்கிறார். நான் டெங்குக் காய்ச்சலில் படுத்திருந்தபோது.

கோவை ஜூனியர் (திங்கள், இரவு 10.55)

அந்த டைரிகளைப் பத்திரமாக வையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், உங்கள் வக்கீலிடம்கூட நகல்தான். மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, எல்லாமே.

அமராவதி (செவ்வாய், காலை 11.30)

கரூரிலிருந்து எழுதுகிறேன். என் வழக்கு முடிந்து நான்கு வருடம். பெண் வக்கீல் என்றால் நம் கஷ்டம் புரியும் என்று நம்பி முதலில் ஒருவரிடம் போனேன். அவருக்குப் புரியவே இல்லை. பிறகு வந்த ஐம்பது வயது ஆண் வக்கீல்தான் என் மகனுக்கு மூச்சிரைப்பு இருப்பதை மருத்துவச் சீட்டோடு எடுத்து வைத்து, தூசி பறக்கிற தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் அவனை வைக்கக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதினார். ஆணா பெண்ணா என்று பார்க்காதீர்கள்.

காசைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச சட்ட உதவி உண்டு; 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். இலவசம் என்றால் மட்டமாக இருக்கும் என்று நானும் முகம் சுளித்தவள்தான். என் இரண்டாவது வக்கீல் அங்கிருந்து வந்தவர்.

கட்டணம் கொடுத்து வைப்பதென்றால் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். மனுத் தாக்கலுக்கு இவ்வளவு, இடைக்கால மனுவுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பேசி, ரசீது வாங்குங்கள். ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அது விதிக்கே விரோதம். என் முதல் வக்கீல் வழக்குக் கட்டைத் திருப்பித் தர மாட்டேன், பாக்கிக் கட்டணத்தைக் கட்டு என்றார். கட்டணத்துக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். அதைச் சொன்னதும் மறுநாளே குமாஸ்தா கொண்டுவந்து கொடுத்தார்.

இன்னொன்று, எங்கள் கரூர்க்காரர்களுக்கு மட்டும்: மேல்முறையீடு என்றால் நமக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. காவிரிக்கு அந்தப் பக்கம் நாமக்கல்காரர்களுக்குச் சென்னை. நான் தெரியாமல் சென்னையில் ஒரு வக்கீலைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்த கதை தனிக்கதை.

ரிக்வண்டி (செவ்வாய், மாலை 5.50)

திருச்செங்கோடு. போர்வெல் லாரியோடு வருடத்தில் எட்டு மாதம் வெளிமாநிலத்தில் இருப்பவன். நானும் மகனைக் கேட்டு வழக்குப் போட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பார்த்து, "பையன் உங்களிடம் இருந்தால் யாரிடம் இருப்பான்?" என்றார். முதலில் கேள்வியே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. எங்கள் ஆத்தாவுக்கு வயது 71. இல்லாவிட்டால் விடுதிப் பள்ளி. நான் ஜெயித்திருந்தாலும் அவன் என்னோடு இருந்திருக்க மாட்டான்.

அக்கா, உங்கள் வக்கீல் இந்தக் கேள்வியைக் கேட்பாரா என்று பாருங்கள். உங்களையும் கேட்பார்கள். பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரத்தில் இரவு பத்து மணி ஆகும் என்று எனக்கே தெரியும்.

நொய்யல்கரை (செவ்வாய், இரவு 9.20)

சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் சரியான கேள்வி. எங்கள் அம்மா கூட இருக்கிறார். கணக்குப் பிரிவு என்பதால் மாதக் கடைசி தவிர ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன். இதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கூட்டு மனுவுக்கு ஒப்புக்கொண்டு, "பையனை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதாதா என்று எங்கள் மாமா கேட்கிறார். சண்டை இல்லாமல் முடியுமே என்கிறார்.

கீழ்பவானி (செவ்வாய், இரவு 9.45)

அந்த ஒரு வரியை மட்டும் வாங்காதீர்கள். "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதினால், போகிற அன்றைக்கெல்லாம் பையனுக்கு டியூஷன் இருக்கும், காய்ச்சல் இருக்கும், குலதெய்வக் கோயிலில் யாருக்காவது மொட்டை இருக்கும்.

பழைய பெஞ்சு (புதன், காலை 8.30)

கீழ்பவானி சொல்வது நூற்றுக்கு நூறு. கூட்டு மனு கெட்டதில்லை அம்மணி, பல நேரம் அதுதான் நல்லது. முதல் மனுவுக்கும், அதை உறுதிசெய்து போடும் இரண்டாவதற்கும் நடுவே ஆறு மாதம்; நியாயம் இருந்தால் அதைத் தளர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். ஆனால் உள்ளே என்ன எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு நல்ல வக்கீல் தயாரித்த ஒப்பந்தம் ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. இரண்டாவது, நான்காவது சனி காலை பத்து மணிக்கு அழைத்துப் போவது, ஞாயிறு மாலை ஐந்துக்குக் கொண்டுவந்து விடுவது. எங்கே விடுவது? வீட்டு வாசலில் இல்லை, அங்கே வாய்த்தகராறு வரும் என்று ஊர் மாரியம்மன் கோயில் முன்பு. தீபாவளி ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே. பொங்கலை மாட்டுப் பொங்கலோடு சேர்த்து இரண்டாகப் பிரித்திருந்தார். கோடை லீவு சரிபாதி. புதன் இரவு ஏழரைக்கு வீடியோ அழைப்பு, பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு இருவருக்கும் அழைப்பு. பல் டாக்டர் செலவு யாருடையது என்பது வரை இருந்தது. படித்துவிட்டு நீதிபதி, "இந்த வழக்கு திரும்பி வராது" என்றார். நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை.

நோட்டீஸுக்குப் பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள். பதிலில் கோபம் வேண்டாம். பையனை என் சம்மதமில்லாமல் பள்ளி மாற்றியதை ஏற்கவில்லை என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் இருந்தீர்கள், ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள். தினமும் ஒரே நேரத்தில் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் தேதியோடு எழுதி வையுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். வாசலில் நிறுத்தினால் சத்தம் போடாமல் திரும்பிவிடுங்கள்.

கோவை ஜூனியர் (புதன், இரவு 9.30)

ஒரு சின்னச் சேர்க்கை. குழந்தை தொடர்பான உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியது இல்லை. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். அதனால் முதல் இடைக்கால உத்தரவில் எல்லாம் கிடைக்கவில்லை என்றால் மனம் உடைந்துவிடாதீர்கள். முதலில் பார்க்கவும் பேசவும் வழி திறக்கட்டும். பையன் அங்கே பள்ளியில் பாதி வருடம் முடித்துவிட்டால், "நன்றாகத்தானே படிக்கிறான், எதற்குக் கலைப்பது?" என்று கேட்பார்கள். ஆகவே வக்கீலைத் தேடுவதிலேயே இரண்டு மாதம் போக்கிவிடக் கூடாது. சுமாரானவர் இந்த வாரம் போடுகிற மனு, மகா கெட்டிக்காரர் தைப் பொங்கலுக்குப் போடுகிற மனுவைவிட மேல். என் சீனியர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

நொய்யல்கரை (ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 11.10)

யாருக்காவது இந்த இழை இன்னும் நினைவிருக்கிறதா தெரியவில்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய பெஞ்சு ஐயா சொன்னபடி ஒரு நாள் லீவு போட்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு வக்கீல், தன் கட்சிக்கார அம்மாவின் மடியில் இருந்த குழந்தைக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மீதியை எதிர்ப்பக்கம் நின்ற அப்பாவிடம் கொடுத்து, "நீங்களே ஊட்டுங்க" என்றார். அந்த அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவர்தான் என்று பட்டது. அவரைத்தான் வைத்திருக்கிறேன். முதல் நாள் என் நோட்டை வாங்கி ஒரு மணி நேரம் படித்தார். "உங்கள் கணவரிடம் இருக்கும் நல்லதையும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள், எதிர்த்தரப்பு எழுதுவதற்கு முன் நமக்குத் தெரிய வேண்டும்" என்றார். எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

நோட்டீஸுக்குப் பதில் போனது. திருப்பூரிலேயே மனு, கூடவே இடைக்கால மனு. சமரச மையத்தில் இரண்டு அமர்வு. பையன் இந்தக் கல்வி ஆண்டு முடியும்வரை அங்கேயே படிப்பான், ஒன்று விட்டு ஒரு சனி ஞாயிறு என்னிடம் என்று இடைக்கால உத்தரவு. முழுதாக வரவில்லை. மஞ்சள்மண்டி அண்ணன் சிரிக்கலாம்.

இன்றைக்கு முதல் சனிக்கிழமை. பையனுடைய அப்பாரு தோட்டத்துக் காரில் கொண்டுவந்து விட்டார். பையன் இறங்கியதும் என்னிடம் வரவில்லை. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடி, பாயைப் பார்த்தான். பாப்பா அதன்மேல் பென்சிலால் எதையோ கிறுக்கி வைத்திருந்தாள். "யார் இதில் எழுதியது?" என்று அவளோடு சண்டை. அரை மணி நேரம் சண்டை ஓயவில்லை. நான் சமையலறையில் அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளை மாலை நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். ஐந்து மணிக்கு கோபி பேருந்து நிலையத்தில் ஒப்படைப்பு. அங்கிருந்து திருப்பூர் திரும்ப ஞாயிற்றுக்கிழமை நேர் பஸ் இருக்கிறதா? பாப்பாவையும் கூட்டிப் போகிறேன், உட்கார இடம் வேண்டும்.

கீழ்பவானி (சனி, இரவு 11.25)

இருக்கிறது. குன்னத்தூர், பெருமாநல்லூர் வழி. ஞாயிறு சாயங்காலம் விடுதிப் பிள்ளைகள் கூட்டம் ஏறும், ஆகவே பஸ் நிலையத்துக்குள்ளேயே ஏறிவிடுங்கள். வெளியே நிறுத்தத்தில் நின்றால் இடம் கிடைக்காது.